தேதி போடாத அஞ்சலி

எங்கள் ஊரில் செத்தவர்களை யாரும் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவதில்லை. போன அன்றைக்கு ஒரு அஞ்சலித் தாள், நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று, பிறகு நினைப்பு வந்த போதெல்லாம் ஒன்று. கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே நாலு வரி. வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ரொட்டிக்கடைக்கு எதிரே நிற்கும் மரத்திலும் ஒட்டுவார்கள். ஒட்டியதைக் கிழிப்பது பாவம். மழை நனைத்து, காற்று பிய்த்து, அதுவாகப் போனால்தான் உண்டு. டான்யூப் ஆற்றுக் காற்று அந்த வேலையில் குறை வைக்காது.

நெவெனா டோச்சேவாவின் தாள் ஒன்று மட்டும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக் கலைப்பிரிவின் அடித்தள வகுப்பறை, அதன் கதவில். அங்கே மழையும் எட்டாது, காற்றும் எட்டாது. அதில் பிறந்த வருஷம் இருக்கிறது, இறந்த வருஷம் இல்லை. நெவெனா தினமும் அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் பாடம் நடத்தப் போனாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் அங்கே வேலைக்கு வந்தாள். அதற்கு முன்பு ஊர்க்கோடியில் இருந்த கணினித் தொழிற்சாலையில் பொறியாளர். தொழிற்சாலையை மூடினார்கள். அதில் வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் இத்தாலியக் கிழவிகளுக்குச் சூப்பு ஊட்டப் பேருந்து ஏறிவிட்டார்கள். நெவெனாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா மட்டும் இருந்தார். அவருக்காகத் தங்கினாள். அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: கலைப்பிரிவு மாணவர்களுக்கும் கணினி சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். உருளைக்கிழங்கு போட்டுவைத்திருந்த அடித்தளத்தை ஒழித்து, எங்கிருந்தோ வந்த பழைய கணினிகளை வரிசையாக வைத்து, நெவெனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

துறைத் தலைவர் பேராசிரியர் மெதோதிக்கு இது ஒட்டவே இல்லை. ஆயுசு முழுக்கப் பழைய கையெழுத்துச் சுவடிகளோடு வாழ்ந்தவர். முதல் வாரம் ஒரு தரம் கீழே இறங்கி வந்து, கீபோர்டை விரல்முனையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எழுத்துன்னா கையிலேர்ந்து வரணும்மா. இது பெட்டியிலேர்ந்து வருது. வர்ற ஈஸ்டருக்கு அப்புறம் குழு கூடும். பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் இல்லேன்னா மூடிடுவோம். உங்களுக்கு வருத்தம் வரக்கூடாது, இப்பவே சொல்லிடறேன்."

மனுஷர் கெட்டவர் இல்லை. மனசில் பட்டதைப் போட்டு உடைப்பவர், அவ்வளவுதான். ஆனால் நெவெனாவுக்கு அது தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. வகுப்பை மூடினால் இத்தாலிப் பேருந்து ஒன்றுதான் மிச்சம்.

பிரயோஜனம் இல்லை என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெவெனாவுக்கு அப்போது சொல்லிக்கொடுக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்த இயந்திரத்தை அப்படியே பிரித்து வைத்தாள். நினைவகம் எப்படி வேலை செய்கிறது, பூஜ்யமும் ஒன்றும் எப்படி ஓடுகின்றன என்று கரும்பலகை நிறைய வரைந்தாள். இலக்கியம், வரலாறு, இறையியல் படிக்கிற பிள்ளைகள். கட்டுரை எழுத வேண்டுமென்றால் கையால் எழுதித் தட்டச்சு அக்காக்களிடம் கொடுத்துவிடுவார்கள். வரலாற்றுப் பிரிவில் அஸ்பாரூக் என்று ஒருவன். பழைய அரசன் பெயரை வைத்துவிட்டதாலோ என்னவோ, நாக்கு நீளம். ஒருநாள் கையைத் தூக்கிக் கேட்டான்:

"மேடம், இத்தனை பூஜ்யமும் படிச்சா பரீட்சையில எனக்குப் பூஜ்யம் வராதுங்களா?"

வகுப்பு சிரித்தது. நெவெனாவும் சிரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் அழுதாள். பனிக்காலம் தொடங்குவதற்குள் வகுப்பு மெலிந்துவிட்டது. மிஞ்சியவர்களும் ஜன்னலோரச் சூட்டுக்குழாய்க்காக வந்தவர்கள்.

அப்பாவின் வருஷ நினைவு வந்தது. அச்சுக்கடையில் அஞ்சலித் தாள் அடிக்கக் கொடுத்தாள். கடைக்காரன் அப்பாவின் முகத்தை அகலவாக்கில் இழுத்துப் பூசணிக்காய் ஆக்கியிருந்தான். கீழே வழக்கமான வரிகள்: என்றும் எங்கள் நெஞ்சில் வாழும் அன்புத் தந்தை, உத்தம மனிதர். அப்பா உத்தமர் எல்லாம் இல்லை. சீட்டு விளையாட்டில் கள்ளம் பண்ணுவார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மறுநாள் காலை வகுப்புக்கு முன்னாலேயே அடித்தளத்துக்குப் போய், ஸ்கேனரில் அப்பாவின் படத்தை வைத்து, தாளைத் தானே செய்ய உட்கார்ந்தாள்.

செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மறைக்க நேரமில்லை. திரையில் அப்பா பெரிதாக இருந்தார். நெற்றியில் படம் மடிந்த கோடு ஒன்று ஓடியது. நெவெனா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் முதல் தடவையாக யாரும் பேசவில்லை. எல்லோரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கோடு முழுதாக மறைந்ததும் அஸ்பாரூக் தொண்டையைச் செருமினான்.

"மேடம், எங்க தாத்தா படம் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல சித்தி தோள் வரும். அதை எடுத்துர முடியுங்களா?"

"முடியும். ஆனா நான் எடுக்க மாட்டேன். நீ எடு."

சொல்லிவிட்டு அவள் எழுந்து, தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிற்பாடு எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த அந்த நிற்கும் விதம் அன்றைக்குத்தான் வந்தது. மாணவன் எவ்வளவு திணறினாலும் அவள் மவுஸைப் பிடுங்க மாட்டாள். வாயால் திட்டுவாள், பெருமூச்சு விடுவாள், கூரையைப் பார்ப்பாள், கையை மட்டும் கொடுக்க மாட்டாள்.

அடுத்த வாரம் உட்கார இடமில்லை. செத்தவர் இல்லாத வீடு ஏது? ஆளாளுக்கு ஒரு படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். படத்தை ஸ்கேன் பண்ணுவது, கறையை எடுப்பது, இழுக்காமல் அளவு மாற்றுவது, எழுத்தை நடுவில் கொண்டுவருவது எல்லாம் அந்த ஒரு தாளுக்குள்ளேயே இருந்தது. நடுவில் வர ஸ்பேஸ் தட்டித் தட்டித் தள்ளுவது அந்தப் பிள்ளைகளின் வியாதி. அதைக் குணமாக்கவே மாசக்கணக்கானது. எல்லோரும் கோப்புக்கு 'அஞ்சலி' என்றே பெயர் வைத்து ஒருவர் தாத்தாவை இன்னொருவர் அழித்தார்கள். அஸ்பாரூக் வேலையை முடித்த கையோடு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனான். மறுநாள் வந்து பார்த்தால் தாத்தாவைக் காணோம்.

"ரெண்டாவது தடவையும் செத்துட்டாரு மேடம்" என்றான் பரிதாபமாக. அன்றிலிருந்து நெவெனா ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்: "சேவ் பண்ணியாச்சா?"

இன்னொரு கட்டளையும் போட்டாள். அரைத்த மாவை அரைக்கக் கூடாது. நெஞ்சில் வாழ்கிறவர்கள், உத்தமர்கள், ஈடு செய்ய முடியாதவர்கள் யாருக்கும் அவள் வகுப்பில் இடமில்லை. அங்கேதான் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. ஒரு வரிக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவன் தன் மாமாவுக்கு எழுதினான்: 'அவர் அக்கார்டியன் வாசித்தால் நாய்கள் ஓடும். ஆனாலும் எல்லாக் கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டோம்.' அந்தத் தாளைப் படித்துக்கொண்டு நின்றதில் பேருந்தை விட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பனிக்காலம் எங்கள் ஊருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. மூக்கு சிவக்க, கையுறையைக் கழற்றாமல், ஊர் முழுக்க நின்று நின்று படித்தது.

ஒரே ஒருத்திக்குத்தான் சங்கடம். இலக்கியப் பிரிவு வியாரா. ஒடிசலான பெண், பேசினால் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அவள் வீட்டில் யாருமே சாகவில்லை. அப்பா அம்மா, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள், அவர்களுக்கும் மேலே ஒரு கொள்ளுத்தாத்தா, எல்லோரும் கிராமத்தில் திராட்சை பறித்துக்கொண்டு திடமாக இருந்தார்கள். எனக்கு ஆள் இல்லை மேடம் என்று அவள் கண் கலங்கியபோது வகுப்பே அவளுக்காக வருத்தப்பட்டது.

"என் பேரைப் போட்டு எழுது" என்றாள் நெவெனா.

"ஐயோ, உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதினா ஆகாது மேடம்."

"இஞ்சினியருக்குச் சகுனம் கிடையாது. எழுது."

அஸ்பாரூக் ஒரு படம் எடுத்துக் கொடுத்தான். மேசைக்கு அடியிலிருந்து நெவெனா தலையை நீட்டுகிறாள், பல்லுக்கு நடுவே ஒரு கம்பி, கண்ணில் சிரிப்பு. வியாரா வாரக்கணக்கில் எழுதினாள், அழித்தாள், யாருக்கும் காட்டவில்லை. இறந்த வருஷத்தை மட்டும் காலியாக விட்டாள். அதை என் கை அடிக்காது என்றாள்.

ஈஸ்டர் நெருங்கியது. இத்தாலிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் நெவெனாவைத் தலைநகர் சோபியாவுக்கு நேர்காணலுக்கு வரச்சொன்னார்கள். வகுப்பு நிரம்பி வழிந்தாலும் மெதோதி அந்த முதல் வாரத்துக்குப் பிறகு கீழே இறங்கி வந்து பார்க்கவே இல்லை. மூடிவிடுவோம் என்ற பேச்சும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதே வெள்ளிக்கிழமைதான் வியாரா தாளை முடித்தாள். அடித்தளத்தில் பிரிண்டர் கிடையாது. மேல்மாடியில் துறைத் தலைவர் அறையில் ஒன்று இருந்தது. படிக்கட்டு வழியாக ஒரு நீளக் கம்பி இழுத்து அதோடு இணைத்திருந்தார்கள். வியாரா அச்சடிக்கச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். மேலே ஓடிப் போய்ப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. கீழே வந்து மறுபடி தட்டினாள். மறுபடி ஓடினாள். அப்படி எத்தனை தடவை தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிரிண்டரில் தாள் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கிராமத்துக் கடைசிப் பேருந்துக்கு நேரமாகவே, திங்கட்கிழமை மேடத்திடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஊருக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கட்டடத்துக் காவல்காரர் கோலியோ அறையைப் பெருக்க வந்தார். பிரிண்டரில் சிவப்பு விளக்கு மின்னியது. நல்ல மனுஷர், தாள் கட்டைப் பிரித்து உள்ளே வைத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நெவெனாவின் முகம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது.

கோலியோவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கலைப்பிரிவில் யார் செத்தாலும் தாள் அந்தப் பிரிண்டரில்தான் வரும், அவர்தான் ஒட்டுவார். அதுதான் அங்கே முறை. பெயரையும் படத்தையும் பார்த்ததும் அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. வருஷம் போட்டிருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? பசை வாளியைத் தூக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கதவு கதவாகப் போனார். அவள் வீட்டுக்கும் போய்த் தட்டினார். யாரும் திறக்கவில்லை. அந்தக் கதவிலும் ஒன்று ஒட்டினார். பக்கத்து வீட்டுக்காரி, வெள்ளிக்கிழமை பையோடு போனாளே என்றாள். அவ்வளவு போதாதா? சோபியா சாலையில் விபத்து என்று சனிக்கிழமையே ஊர் முடிவு செய்துவிட்டது.

திங்கட்கிழமை காலை நெவெனா திரும்பி வந்தாள். இத்தாலியில் வேலை கிடைத்துவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் கிளம்ப வேண்டும். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பேருந்தை விட்டு இறங்கியவள், நிறுத்தத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கறுப்புக் கட்டத்துக்குள்.

முதலில் ஓரங்களைத்தான் பார்த்தாள். நாலு பக்கமும் சரியாக இருந்தன. எழுத்து ஸ்பேஸ் தட்டாமல் நடுவில் வந்திருந்தது. அப்புறம்தான் படித்தாள்.

'நெவெனா டோச்சேவா. நாங்கள் தடுமாறியபோதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். எங்கள் கையிலிருந்து எதையும் ஒருநாளும் பிடுங்கவில்லை. எங்கள் செத்தவர்களை எங்களையே எழுதவைத்தார். சேவ் பண்ணியாச்சா என்று கேட்பார். இனி யார் கேட்பது?'

அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்து, இவளைப் பார்த்து, மெதுவாகத் தள்ளிப் போய் நின்றாள். நெவெனா கவனிக்கவில்லை. சூப்பு ஊட்டும் வேலைக்குப் போக இனி தன்னால் முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு நடந்தாள்.

அடித்தளம் நிறையக் கூட்டம். கணினிகளின் மேல் பூங்கொத்துகள், துக்கத்துக்கு வைப்பதுபோல இரட்டைப்படையில். சுவரோரம் வியாரா குந்தி உட்கார்ந்து, நான்தான் கொன்னேன், நான்தான் எழுதினேன் என்று விம்மிக்கொண்டிருந்தாள். தான் எழுதியது பலித்துவிட்டது என்றே நம்பிவிட்டாள் பாவம். முன்னால் மெதோதி நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நெவெனா படிக்கட்டின் கீழ்ப்படியில், எல்லோர் முதுகுக்கும் பின்னால் நின்றுவிட்டாள்.

மெதோதி சொன்னார், இந்த வகுப்பை மூட நினைத்தவன் நான்தான் என்று. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போகும்போது அவள் தாளைப் படித்தாராம். அப்புறம் வழியெல்லாம் ஒட்டியிருந்த மற்றத் தாள்களையும் நின்று படித்தாராம். முப்பது வருஷம் நான் எழுதச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இவளிடம் வந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

"அவங்க போயிட்டாங்க. நான் இருக்கறவரைக்கும் இந்தக் கதவைப் பூட்ட விட மாட்டேன். இந்தக் கோதுமை மேல சத்தியம்" என்றார்.

செத்தவர்களுக்காகப் பங்கிடும் கோதுமை அது. வேகவைத்து, மேலே சீனி தூவி, கோலியோவின் மனைவி அண்டா நிறையக் கொடுத்தனுப்பியிருந்தாள். கோலியோ தலை குனிந்தபடி ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம் கொடுத்துக்கொண்டே கடைசிப் படிக்கு வந்தார். நெவெனா கையிலும் ஒன்றை வைத்தார்.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றார் வழக்கப்படி.

"மன்னிக்கட்டும் அண்ணே" என்றாள் நெவெனா வழக்கப்படி.

கோலியோ நிமிர்ந்து பார்த்தார். அண்டா படிக்கட்டில் உருண்டது.

அந்தச் சத்தத்தையும் அதற்கப்புறம் நடந்த கூத்தையும் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். வியாரா ஓடி வந்து கட்டிக்கொண்டதும், இறையியல் பையன்கள் இரண்டு பேர் ஜன்னல் வழியே வெளியேறியதும் நிஜம். அஸ்பாரூக்தான் முதலில் சுதாரித்தான். ஒவ்வொரு பூங்கொத்திலிருந்தும் ஒரு பூவை உருவினான், உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை அல்லவா. உருவியதை எல்லாம் தன் கோட்டுப்பையில் செருகிக்கொண்டு, மீதியை நெவெனாவிடம் நீட்டினான். மெதோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீங்க சாகலையா?"

"இல்லீங்க ஐயா. சோபியாவுக்குப் போயிருந்தேன்."

"சொல்லிட்டுப் போறதில்லையா?"

நெவெனா மன்னிப்புக் கேட்டாள். கோதுமை மேல் செய்த சத்தியத்தை யார் திரும்ப வாங்க முடியும்? அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே போனார். ஈஸ்டருக்குப் பின் கூடிய குழுவில் அடித்தளத்தைப் பற்றி யாரையும் வாய் திறக்க அவர் விடவில்லை. கோடையில், பிள்ளைகள் இல்லாத ஒருநாள், அவர் தனியாகக் கீழே இறங்கி வந்தார். கையில் காலமான மனைவியின் படம். நெவெனா நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒட்டிய தாள்களை யாரும் கிழிக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தும், கிழித்தால் பாவம் பாவம்தானே. அந்த வசந்தம் முழுக்க நெவெனா தன் சாவைக் கடந்துதான் ரொட்டி வாங்கப் போனாள். ரொட்டிக்கடைக்காரி தினமும், உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டுச் சிரித்தாள். மே மாத மழை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. அடித்தளக் கதவில் ஒட்டியது மட்டும் நின்றுவிட்டது.

கணினிகள் மாறின, பிள்ளைகள் மாறினார்கள், கம்பிகளே இல்லாமல் போயின. நெவெனா இத்தாலிக்குப் போகவே இல்லை. போன வருஷம் அவள் ஓய்வு பெற்றாள். கடைசி நாள் சாவியை ஒப்படைக்க வந்தபோது வியாராவும் கூடவே கீழே இறங்கி வந்தாள். வியாராதான் இப்போது துறைத் தலைவர், கண்ணாடி போட்டு, தலையில் பாதி நரைத்து. இரண்டு பேரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். தாள் மஞ்சளாகியிருந்தது. பல்லில் கம்பியைக் கடித்தபடி, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய நெவெனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து உங்ககிட்ட குடுத்துடவா மேடம்?" என்று கேட்டாள் வியாரா.

"எடுக்கக் கூடாது. தெரியாதா உனக்கு?" நெவெனா காலியாக இருந்த இடத்தை விரலால் தடவினாள். "இந்த வருஷத்தை ஒருநாள் நீதான் போடணும். வேற யாரையும் தொட விடாதே. முகத்தைப் பூசணிக்காய் ஆக்கிடுவாங்க."

வியாரா தலையை ஆட்டினாள்.

நெவெனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரி, அந்தக் கோப்பு இருக்கா? சேவ் பண்ணியாச்சா?"

"மூணு இடத்துல மேடம்" என்றாள் வியாரா.

நெவெனாவின் முகம் மலர்ந்தது. சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் படியேறி வீட்டுக்குப் போனாள்.